வீட்டு ஹைஃபையில் ஒலியை இதமாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு, ஆனா அரை மணி நேரத்துல காது அலுத்துடுது" என்று தொடங்கும் சந்தேகங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) உள்ள ஸ்டீரியோ அமைப்பை மனதில் வைத்து எழுதியது. செலவில்லாத வேலைகள் முதலில் வரும். ஸ்பீக்கரைத் திறக்க வேண்டிய வேலை பதினைந்தாவது பதிலில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும்.

1. வாம் (இதமான) சவுண்டுன்னா பேஸைக் கூட்டுறதுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் பாதிப் பேர் தவறான இடத்தில் கை வைக்கிறார்கள். குரலுக்கு உடம்பு கொடுப்பது ஏறத்தாழ 100 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. ஆண் குரலின் அடிச்சுருதி, செல்லோவின் பெரும்பாலான சுரங்கள் எல்லாம் இங்கேதான் வாழ்கின்றன. காதைக் குத்துவது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. முதல் பகுதி இளைத்து, இரண்டாவது பகுதி துருத்திக்கொண்டிருந்தால் ஒலி தகரடப்பா போலக் கேட்கும்.

சாதாரண பேஸ் நாபைத் திருகினால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் அதிகம் ஏறும். குரல் அப்படியே மெலிந்திருக்க, அடியில் 'தொம் தொம்' மட்டும் கூடும். இதம் என்பது இந்த இரு பகுதிகளுக்கும் இடையே உள்ள விகிதம். பெரும்பாலும் மேலே கொஞ்சம் குறைத்தாலே கீழே நிறைந்ததாகத் தோன்றிவிடும்.

2. எதையும் வாங்காம முதல்ல என்ன பார்க்கணும்?

வயரிங். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். மோனோவில் ஒருவர் பேசும் பதிவைப் போடுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். தலையைச் சுற்றி எங்கோ மிதந்தால் ஒரு பக்கம் மாறியிருக்கிறது என்று பொருள். உறுதி செய்ய வயரை ஆம்பிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பு வயரிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பு) வெளியே துள்ளினால் சரி. உள்ளே இழுத்தால் எங்கோ மாறியிருக்கிறது.

அடுத்து, பாட்டு வரும் வழியில் எங்காவது யாரோ எப்போதோ போட்டுவைத்த ஈக்வலைசர் (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ஒளிந்திருக்கிறதா பாருங்கள். ஃபோன் செயலி, டிவி, ஆம்ப் மூன்றிலும் இருக்கலாம். எல்லாவற்றையும் சுழியத்துக்குக் கொண்டுவந்த பிறகே மற்ற வேலை.

3. ஸ்பீக்கரைச் சுவர்ல இருந்து எவ்வளவு தள்ளி வைக்கணும்? ஆளுக்கொரு அளவு சொல்றாங்களே?

காரணம் தெரிந்தால் அளவை நீங்களே கணக்கிடலாம். தாழ்ந்த ஒலி முன்பக்கம் மட்டும் போவதில்லை, ஸ்பீக்கரைச் சுற்றிப் பின்னாலும் போகிறது. பின்சுவரில் மோதித் திரும்பும்போது அது பயணம் செய்த கூடுதல் தூரம் அரை அலைநீளமாக இருந்தால், நேராக வரும் ஒலியை அது அழித்துவிடும். அந்தக் குழி எந்த ஹெர்ட்ஸில் விழும் என்று அறிய, 8,575 என்ற எண்ணை ஸ்பீக்கரின் முன்முகத்திலிருந்து பின்சுவர் வரையுள்ள சென்டிமீட்டரால் வகுக்க வேண்டும். 50 சென்டிமீட்டர் என்றால் 171 ஹெர்ட்ஸ். 60 என்றால் 143. 80 என்றால் 107. 100 என்றால் 86.

இப்போது முதல் கேள்வியின் பதிலோடு சேர்த்துப் பாருங்கள். 'சும்மா ஒரு இரண்டு மூன்றடி தள்ளி' வைப்பவர்களுக்குக் குழி சரியாக ஆண் குரலின் அடியில் விழுகிறது. ஆம்பை மாற்றி, கேபிளை மாற்றி, எதிலும் தீராத மெலிவுக்கு மிகப் பல வீடுகளில் இதுவே காரணம். தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, முன்முகம் சுவரிலிருந்து 25 முதல் 30 சென்டிமீட்டரில் இருக்குமாறு நன்றாக ஒட்டி வைப்பது: குழி சுமார் 285 ஹெர்ட்ஸுக்கு மேலே நகரும், அங்கே பின்னால் ஒரு தடித்த உறிஞ்சு பலகை வைத்தே அதை ஆழம் குறைக்கலாம். கூடவே சுவர் தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். மற்றது, 120 சென்டிமீட்டருக்கு மேல் வெளியே இழுத்துக் குழியை 71 ஹெர்ட்ஸுக்குக் கீழே தள்ளுவது. இதற்கு அறை பெரிதாக இருக்க வேண்டும்.

பக்கச்சுவர் தூரமும் தரையிலிருந்து வூஃபரின் உயரமும் பின்சுவர் தூரத்துக்குச் சமமாக இருக்கக் கூடாது. மூன்றும் 60 என்றால் மூன்று குழிகளும் ஒரே இடத்தில் விழுந்து பள்ளமாகிவிடும். தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்து, ஐந்து ஐந்து சென்டிமீட்டராக நகர்த்தி, ஒரே குரலை ஒரே வால்யூமில் கேளுங்கள். பின்பக்கம் போர்ட் (காற்றுத் துளை) உள்ள ஸ்பீக்கரானால் சுவருக்கும் போர்ட்டுக்கும் நடுவே கையளவு இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்ததில் பேஸ் குமுறினால் போர்ட்டில் ஒரு ஃபோம் துண்டோ சுருட்டிய காலுறையோ செருகிப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், வேலை செய்யும்.

4. ஸ்பீக்கர் முகத்தை என்னைப் பார்த்துத் திருப்பணுமா, நேராவே விடணுமா?

ட்வீட்டரின் (உயர்ந்த ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) கூர்மையான ஒலி நேர்கோட்டில்தான் முழுதாக வரும். பக்கவாட்டில் 15 டிகிரி விலகினாலே பல ஸ்பீக்கர்களில் மேல்பகுதி மெல்லத் தணிகிறது. காது குத்துகிறது என்றால் முகத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பி, இரண்டு ஸ்பீக்கரின் அச்சும் உங்கள் தோள்களுக்கு வெளியே போகும்படி வைத்துப் பாருங்கள். நடுக்குரல் சிதறத் தொடங்கினால் அளவுக்கு மீறிவிட்டீர்கள், பாதி திரும்பி வாருங்கள்.

திருப்பும்போது பக்கச்சுவரில் அதிகம் அடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சுவர் மொட்டையாக இருந்தால் நேரே வருவது குறைந்து, சுவர் வழியே வருவது கூடும். அதற்கான மருந்து ஆறாவது பதிலில். ட்வீட்டரின் உயரம் உட்கார்ந்திருக்கும் காதின் உயரத்தில், சுமார் 90 முதல் 100 சென்டிமீட்டரில் இருப்பது வழக்கம். துணி மூடியைப் போட்டுக் கேட்பதும் இலவசம்தான். சில ஸ்பீக்கர்களில் அதுவே போதுமான அளவு தணித்துவிடும்.

5. சோபா பின்சுவரை ஒட்டித்தான் போட முடியும். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. அறையின் எல்லாத் தாழ் அதிர்வுகளும் சுவரோரத்தில்தான் உச்சத்தில் இருக்கும், அதனால் பேஸ் குமுறும். தலைக்குப் பின்னாலிருந்து உடனே திரும்பும் ஒலி நேர் ஒலியோடு கலந்து குரலைக் கரகரப்பாக்கும். 40, 50 சென்டிமீட்டர் முன்னே இழுத்தாலே வித்தியாசம் தெரியும். இழுக்கவே முடியாதென்றால் தலைக்குப் பின்னால் 10 சென்டிமீட்டர் தடிமனுக்கு உறிஞ்சும் பொருள் வைக்கலாம்.

எதிர்த் தவறும் உண்டு. அறையின் சரிநடுவில் உட்கார்ந்தால் முதல் அதிர்வு அங்கே காணாமல் போகும். 4.5 மீட்டர் நீள அறையில் அது 38 ஹெர்ட்ஸ். தொடக்கப் புள்ளியாக நீளத்தின் 38 சதவீதத்தை, அதாவது உங்களுக்குப் பின்னாலுள்ள சுவரிலிருந்து 1.7 மீட்டரை எடுத்துக்கொண்டு முன்னும் பின்னும் நகர்ந்து கேளுங்கள்.

6. டைல்ஸ் தரை, பெரிய கண்ணாடி ஜன்னல். சுவர் முழுக்க ஃபோம் ஒட்டிடலாமா?

ஒட்டாதீர்கள். 2.5 சென்டிமீட்டர் ஃபோம் உறிஞ்சுவது பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். சுவர் முழுக்க ஒட்டினால் மேலே உள்ள உயிர் போய், 200 முதல் 500 வரை உள்ளது அப்படியே முழங்கிக்கொண்டிருக்கும். பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருக்கும். இதைப் பலர் 'வாம்' என்று நினைத்து ஒரு வாரம் சமாதானமாகிறார்கள், பிறகு பிய்க்கிறார்கள்.

சரியான இடத்தில் கொஞ்சம், ஆனால் தடிமனாக வையுங்கள். நீங்கள் வழக்கமான இருக்கையில் உட்காருங்கள். இன்னொருவர் பக்கச்சுவரில் காது உயரத்தில் ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். ட்வீட்டர் எங்கே தெரிகிறதோ, அங்கே 60க்கு 120 சென்டிமீட்டர் அளவில், 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடிக் கம்பளி அல்லது பாறைக் கம்பளிப் பலகை. துணியால் முழுமையாக மூடியிருக்க வேண்டும், இழை கையிலும் மூச்சிலும் படக் கூடாது. சுவரோடு ஒட்டாமல் இன்னொரு 5 சென்டிமீட்டர் காற்று இடைவெளி விட்டால் இன்னும் கீழே வரை உறிஞ்சும். தரையில் ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் நடுவே தடித்த கம்பளம், ஜன்னலுக்கு அகலத்தைப் போல் இருமடங்கு துணியில் மடிப்பு விழும் கனத்த திரை. நடு அறையில் நின்று ஒரு கைதட்டு: 'ட்ர்ர்ர்' என்று நீண்டால் இன்னும் இரண்டு மொட்டைச் சுவர்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. புத்தக அலமாரி ஒன்றை ஒரு பக்கம் வைத்தால் அது உடையும்.

7. நாபைத் தொட்டா ஒரிஜினல் சவுண்ட் கெட்டுடும்னு சொல்றாங்க. உண்மையா?

மூன்றாவது பதிலில் பார்த்த குழி சர்வசாதாரணமாக 10 டெசிபெல் ஆழம் போகும். அறை அவ்வளவு செய்துவிட்ட பிறகு, நாபில் 2 டெசிபெல் திருப்புவதால் தூய்மை கெடும் என்பது வேடிக்கை. இன்றைய ஆம்ப்களில் உள்ள பேஸ், ட்ரெபிள் சுற்றுகள் பெரும்பாலும் பொறியாளர் பீட்டர் பாக்ஸந்தால் 1952இல் வெளியிட்ட வடிவத்தின் வழிவந்தவை. மென்மையான சரிவு கொண்டவை.

முதலில் ட்ரெபிளை ஒன்றிரண்டு கோடு குறையுங்கள். பேஸைத் தொடுவது அதற்கு அப்புறம், அதுவும் ஒரு கோடு மட்டும். ட்ரெபிள் நாபின் பலம் 10,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முழுதாகக் கிடைக்கும், குத்தும் 3,000 பக்கம் அதில் ஒரு பங்குதான். அதனால் குத்தல் போவதற்குள் சிம்பலின் மினுமினுப்பு போய்விட்டால் நாபை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். ஆம்பில் 'டைரக்ட்' பொத்தான் அழுத்தியிருந்தால் நாப் வேலையே செய்யாது என்பதை மறக்க வேண்டாம்.

8. ஈக்வலைசர்ல என்ன நம்பர் போடணும்? நேராச் சொல்லுங்க.

பாராமெட்ரிக் ஈக்வலைசர் என்றால் இதில் தொடங்குங்கள். 3,000 ஹெர்ட்ஸில் பீக் வகை, 2 டெசிபெல் குறைவு, கியூ (மாற்றம் எவ்வளவு அகலமாகப் பரவும் என்பதைக் காட்டும் எண்) 1. இதை மட்டும் வைத்து இரண்டு நாள் கேளுங்கள். போதவில்லை என்றால் 180 ஹெர்ட்ஸில் லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழே உள்ளது முழுவதையும் மாற்றும் வகை), 1.5 டெசிபெல் கூடுதல், கியூ 0.7. அதற்குப் பிறகும் மேலே பளபளத்தால் 8,000 ஹெர்ட்ஸில் ஹை ஷெல்ஃப் (அதற்கு மேலே முழுவதும்), 1 டெசிபெல் குறைவு. எதையாவது கூட்டினால் ப்ரீஆம்ப் அளவைக் குறைந்தது அதே அளவு இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உரத்த இடங்களில் உச்சி வெட்டுப்பட்டு, இதம் தேடிப் போய்க் கரகரப்பை வாங்கி வருவீர்கள்.

மைக் வைத்து அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இருக்கையில் அளந்த கோட்டை 20 முதல் 20,000 வரை தட்டையாக்கினால் ஒலி நிச்சயம் மெலிந்து குத்தும். ஒலி அளவுக் கருவிகள் செய்யும் ப்ரூயல் அண்ட் கேர் நிறுவனம் 1974இலேயே, அறைக்குள் ஹெர்ட்ஸ் ஏற ஏறச் சரிந்து இறங்கும் கோட்டைத்தான் பரிந்துரைத்தது. ஒரு ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் இருமடங்காகும் ஒவ்வொரு முறைக்கும்) 1 டெசிபெல் அளவில் இறங்கும் கோடு நல்ல தொடக்கம். இன்னொன்று, சுவரால் விழும் குழியை ஈக்வலைசரால் நிரப்ப முயலாதீர்கள். 6 டெசிபெல் கூட்டினால் ஆம்ப் நான்கு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும், திரும்பி வந்து அழிக்கும் ஒலியும் அதே அளவு கூடுவதால் குழி குழியாகவே இருக்கும். அதற்கு ஸ்பீக்கரை நகர்த்துவதுதான் வழி.

9. ராத்திரி சத்தம் குறைச்சா எல்லாம் சப்புன்னு ஆகுதே?

அது சிஸ்டத்தின் குறையல்ல. சத்தம் குறையும்போது நம் காது தாழ்ந்த ஒலிகளை அதிகமாக இழக்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933இல் இதை அளந்து காட்டினார்கள். ஆம்பில் உள்ள 'லவுட்னஸ்' பொத்தான் இதற்காகவே இருக்கிறது. குறைந்த வால்யூமில் போடுங்கள், கூட்டும்போது அணையுங்கள். அந்தப் பொத்தான் இல்லையென்றால் எட்டாவது பதிலின் லோ ஷெல்ஃபை 3 டெசிபெல் வரை உயர்த்தி, 'இரவு' என்று தனியாகச் சேமித்து வைக்கலாம்.

10. வால்வு ஆம்ப் வாங்கினா எல்லாம் சரியாயிடுமா?

ஸ்பீக்கரைப் பொறுத்தது. வால்வின் (வெற்றிடக் குழாயின்) இனிமை என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இரண்டாம் ஹார்மோனிக், அதாவது அது சேர்க்கும் இருமடங்கு ஹெர்ட்ஸ் ஒலி. பெரிய பங்கு அதன் வெளியீட்டு மின்தடை. டிரான்சிஸ்டர் ஆம்பில் அது ஓமில் நூற்றில் சில பங்கு, வால்வில் 1 முதல் 3 ஓம் வரை சகஜம். ஸ்பீக்கரின் மின்தடையோ ஹெர்ட்ஸுக்கு ஹெர்ட்ஸ் மாறும். வூஃபர் ஒத்ததிர்வில் 30 ஓம், நடுப்பகுதியில் 6 ஓம் உள்ள ஸ்பீக்கரை 2 ஓம் வெளியீட்டு ஆம்பில் மாட்டினால், 30 ஓம் இடத்தில் இழப்பு அரை டெசிபெல், 6 ஓம் இடத்தில் 2.5 டெசிபெல். அதாவது பேஸ் பகுதி 2 டெசிபெல் தூக்கி நிற்கும். காதுக்கு அது இதம்.

ஆனால் அதே ஸ்பீக்கருக்குக் கிராஸ்ஓவர் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்று) பக்கம், 2,000 ஹெர்ட்ஸில் 20 ஓம் மேடு இருந்தால் அதுவும் தூக்கும். அப்போது வால்வு ஆம்ப் இன்னும் குத்தும். 'வால்வு போட்டும் வாம் வரலையே' என்று கேட்பவர்கள் ஸ்பீக்கரின் மின்தடை வரைபடத்தைப் பாருங்கள். வாங்கும் முன் சோதிக்க ஒரு மலிவான வழி: இருக்கும் டிரான்சிஸ்டர் ஆம்பிலேயே இரண்டு ஸ்பீக்கரின் சிவப்பு வயரிலும் தொடராக 2 ஓம், 20 வாட் ரெசிஸ்டர் வைத்து, மிதமான வால்யூமில் கேளுங்கள். ரெசிஸ்டர் சூடாகும், திரையிலோ கம்பளத்திலோ படக் கூடாது. விகித மாற்றம் அச்சாக அதேதான். பிடித்தால் வால்வைப் பற்றி யோசிக்கலாம். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் மாட்டாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

11. செம்புக் கேபிள் வாம், வெள்ளிக் கேபிள் ப்ரைட்டா?

5 மீட்டர் நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் மொத்தத் தடை போய்த் திரும்ப 0.07 ஓம். பத்தாவது பதிலின் கணக்கில் இதைப் போட்டுப் பாருங்கள், காதுக்கு எட்டும் எதுவும் கிடைக்காது. தடிமன் போதுமானதாக இருக்கட்டும், முனைகள் துருவில்லாமல் இறுக்கமாக இருக்கட்டும். அவ்வளவுதான்.

12. டிஏசில 'ஸ்லோ ஃபில்டர்' போட்டா வாம் ஆகும்னாங்க?

டிஏசி என்பது டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றும் கருவி. சிடி தரத்தில் அந்த ஃபில்டர் தொடுவது பெரும்பாலும் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. முதல் பதிலில் சொன்ன இரண்டு பகுதியும் அங்கே இல்லை. போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை, எதிர்பார்ப்பு வேண்டாம்.

13. ரெக்கார்டு பிளேயர் வாம்னு நம்பி வாங்கினேன். 'ச', 'ஸ' வர்ற இடமெல்லாம் கீச்சிடுதே?

முதலில் ஊசி. தேய்ந்த ஊசியும் அழுக்குப் படிந்த ஊசியும் முதலில் கெடுப்பது இந்த எழுத்துகளைத்தான். அடுத்து ஊசியின் அழுத்தம்: கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பகுதி) 1.8 முதல் 2.2 கிராம் என்று போட்டிருந்தால் 2.1இல் வையுங்கள். குறைத்து வைத்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறு, ஊசி பள்ளத்தில் துள்ளித் துள்ளி ஓடுவதுதான் தட்டைக் கெடுக்கும். கீச்சல் தட்டின் உள்வட்டத்தில் மட்டும் அதிகம் என்றால் கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபாருங்கள்.

பிறகு, அதிகம் பேர் பார்க்காத இடம்: கொள்ளளவு. மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜின் சுருளும் கேபிளின் கொள்ளளவும் சேர்ந்து மேல்பகுதியில் ஒரு மேட்டை உண்டாக்கும். கார்ட்ரிட்ஜ் 100 முதல் 200 பிகோஃபாரட் கேட்கிறது, ஆனால் கேபிள் 120, ஃபோனோ ஸ்டேஜ் (ரெக்கார்டு பிளேயருக்கான முன்பெருக்கி) 220 என்றால் மொத்தம் 340. கூர்மை வராமல் என்ன செய்யும்? ஃபோனோ ஸ்டேஜில் சின்ன சுவிட்ச் இருந்தால் குறைந்த அளவுக்கு மாற்றுங்கள், கேபிளைக் குட்டையாக்குங்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் ஒலி எலும்பும் தோலுமாக, மிகக் குறைந்த சத்தத்தில் வந்தால் பிளேயரை ஃபோனோ ஸ்டேஜ் இல்லாமல் நேரே ஆக்ஸில் மாட்டியிருக்கிறீர்கள். தட்டில் பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டியிருப்பார்கள். ஃபோனோ ஸ்டேஜ்தான் அதைத் திருப்பிச் சரிசெய்கிறது.

14. சப்வூஃபர் சேர்த்தும் குரல் மெலிசாவே இருக்கு. ஏன்?

சப் வேலை செய்வது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே. குரலின் உடம்பு அதற்கு மேலே. சப்பை எவ்வளவு கூட்டினாலும் அங்கே ஏறாது. இணைப்புப் பகுதியில் சப்பும் ஸ்பீக்கரும் எதிரெதிராக அடித்துக்கொண்டால் 80 முதல் 120 வரை இன்னும் மெலியும். 80 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, சப்பின் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றிப் பாருங்கள். இருக்கையில் எது உரக்கக் கேட்கிறதோ அதில் விடுங்கள். சத்தம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று விரல் நீட்டிக் காட்ட முடிந்தால் சப்பின் அளவு அதிகம்.

15. ட்வீட்டருக்கு ரெசிஸ்டர் போட்டு நிரந்தரமாக் குறைக்கலாமா?

செய்யலாம், ஆனால் ஈக்வலைசரில் 3,000 ஹெர்ட்ஸிலிருந்து மேலே முழுவதையும் 1 முதல் 2 டெசிபெல் குறைத்து ஒரு மாதம் கேட்டுத் திருப்தியான பிறகு. உத்தரவாதம் போகும் என்பதும் நினைவிருக்கட்டும். ரெசிஸ்டர் வர வேண்டிய இடம் கிராஸ்ஓவருக்கும் ட்வீட்டருக்கும் நடுவே, நேர்முனை வயரில். 8 ஓம் ட்வீட்டருக்கு 1 ஓம் தொடராகப் போட்டால் 1 டெசிபெல் குறையும். அதே 1 ஓம் 4 ஓம் ட்வீட்டரில் கிட்டத்தட்ட 2 டெசிபெல் குறைத்துவிடும், ஆகவே ட்வீட்டரின் முதுகில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 8 ஓமில் 2 டெசிபெல் வேண்டுமென்றால் 1.5 ஓம் தொடராகவும், அதற்கு அடுத்து ட்வீட்டரின் குறுக்கே 33 ஓம் இணையாகவும். இப்படி இரண்டும் போட்டால் கிராஸ்ஓவருக்குத் தெரியும் சுமை மாறாது. எல்லாம் 10 வாட், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி.

கழற்றும்போது கவனம்: ட்வீட்டரின் காந்தம் ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று இழுக்கும், நுனி டோமில் (ட்வீட்டரின் முன்குமிழ்) பாய்ந்தால் கதை முடிந்தது. ஒரு கையால் டோமுக்கு மேல் அட்டையைப் பிடித்துக்கொண்டு திருகுங்கள். வயரை வெட்டாமல் கிளிப் முனைகளால் இணைத்தால் பிடிக்காதபோது பழையபடி மாற்றலாம்.

16. எல்லாத்தையும் செஞ்சேன். இப்ப மந்தமா, போர்வைக்குள்ள பாடுற மாதிரி இருக்கு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்திருப்பீர்கள். கம்பளம், திருப்பிய முகம், ட்ரெபிள் நாப், ஈக்வலைசர் எல்லாமே மேல்பகுதியைத்தான் குறைக்கின்றன. தனித்தனியே ஒன்றிரண்டு டெசிபெல், சேர்ந்தால் ஆறேழு. மின்னணு மாற்றங்களை முழுக்க நீக்கி, இடமாற்றத்தையும் அறையையும் மட்டும் வைத்துத் தொடங்குங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்று.

ஒப்பிடும்போது இரண்டு நிலையிலும் சத்தம் சமமாக இருக்க வேண்டும். 1 டெசிபெல் உரக்க இருப்பது எப்போதும் 'நன்றாக' இருப்பது போல் ஏமாற்றும். பேச்சுப் பதிவு ஒன்றும், மிருதங்கம் தனியாக ஒலிக்கும் பதிவு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியின் 'கும்' நிறைவாக வந்து உடனே நிற்க வேண்டும், வலந்தலையின் 'நம்' காதைச் சுடாமல் கணீரென்று இருக்க வேண்டும். 'கும்' இழுபட்டால் கீழே அதிகம், 'நம்' அமுங்கினால் மேலே குறைத்தது அதிகம்.

17. சில பாட்டு மட்டும் இன்னும் குத்துது. இன்னும் என்ன மாத்தணும்?

சிஸ்டத்தில் எதையும் மாற்ற வேண்டாம். உச்சி வெட்டி, உரக்க அடைத்து வைத்த பதிவு எந்த ஸ்பீக்கரிலும் குத்தும். அதற்காக எல்லாப் பாட்டையும் மந்தமாக்கினால் நல்ல பதிவுகள் பாழாகும். அதே பாட்டின் வேறு பதிப்பு கிடைக்கிறதா பாருங்கள். கிடைக்காவிட்டால் ஈக்வலைசரில் 3,000 ஹெர்ட்ஸில் 4 டெசிபெல் குறைத்த இன்னொரு அமைப்பைச் சேமித்து, அந்தப் பாட்டுகளுக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.